சீட்டு சொல்வதும் பெட்டி சொல்வதும்

(தென்காசியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பொருள்: துறைமுகங்களில் கன்டெய்னர் சோதனையும் பயங்கரவாதத் தடுப்பும்.)



கடலே கண்ணில் படாத தென்காசியில் துறைமுகத்தைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அதற்கான விடை செங்கோட்டைச் சாலையிலேயே கிடக்கிறது. அங்குள்ள அறுவை மில்களின் முற்றத்தில் அடுக்கியிருக்கும் தடிகளில் பல, பொதிகை மலையைப் பார்த்தே வளராதவை. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதன் பிறகு ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா, கானா, தான்சானியா நாட்டுத் தோட்டங்களின் தேக்கு இந்தியாவுக்குக் கூடுதலாக வரத் தொடங்கியது. அந்தத் தடிகள் கன்டெய்னரில் அடைபட்டு, இரண்டு மூன்று துறைமுகங்களில் கப்பல் மாறி, தூத்துக்குடியில் இறங்குகின்றன. அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் லாரியில் வந்தால் தென்காசி. குற்றாலத்தில் சீசனுக்கு வருபவர் தங்கும் விடுதி அறையின் கதவுகூட, கடல் கடந்து வந்த பலகையாக இருக்கலாம்.

2021 ஏப்ரலில் தூத்துக்குடியில் அப்படிப்பட்ட ஒரு மரக் கன்டெய்னரை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தின் அதிகாரிகள் திறந்தார்கள். பனாமாவில் புறப்பட்டு, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப், இலங்கையின் கொழும்பு வழியாக வந்த பெட்டி அது. சரக்கின் விவரம் சொல்லும் கப்பல் சீட்டில் எழுதியிருந்தது மரத்தடி. உள்ளே இருந்ததும் மரத்தடிதான். அந்தத் தடிகளுக்கு நடுவே ஒன்பது பைகள் இருந்தன. பைகளுக்குள் செங்கல் போலக் கட்டிய பொட்டலங்களில் 300 கிலோவுக்கும் மேல் கொக்கைன்.

அது வெடிமருந்து அல்ல. ஆனால் 300 கிலோ கொக்கைனைக் கொண்டுவந்த வழியில் 300 கிலோ வெடிமருந்தும் வந்திருக்க முடியும். கன்டெய்னர் சோதனை என்ற பேச்சு தொடங்க வேண்டிய இடம் இதுதான். துறைமுக வாசலில் எத்தனை பெரிய எந்திரம் நின்றாலும், சீட்டு சொல்வதும் பெட்டி சொல்வதும் ஒன்றுதானா என்று பார்க்கும் மனிதர்கள் வழி நெடுகிலும் இல்லாவிட்டால் அந்த எந்திரத்தால் பெரிய பயன் விளையாது. அந்த மனிதர்களில் தென்காசிக்காரர்களும் உண்டு என்பதே இந்த உரையின் வாதம்.

பெட்டியும் சீலும்

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றுவதை விட்டுவிட்டு, ஆலையில் பூட்டிய பெட்டியை அப்படியே கப்பலில் வைத்து, போய்ச் சேரும் ஊரில் திறப்பது. கப்பல் செலவு சரிந்தது. உலக வணிகம் பெருகியது. கூடவே ஒரு பழைய காவலும் போனது. முன்பெல்லாம் துறைமுகத்தில் ஒவ்வொரு மூட்டையும் பல கைகளில் ஏறி இறங்கியது. எடை வித்தியாசமோ வாடையோ ஈரமோ இருந்தால் சுமப்பவருக்குத் தெரிந்துவிடும். பூட்டிய பெட்டி வந்த பின், உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கும் கடைசி ஆள் அதை அடைத்தவர். அடுத்த ஆள் அதைத் திறப்பவர். இடையில் இருப்பவர்கள் எல்லாரும் காகிதத்தை நம்புகிறவர்கள்.

இருபதடிப் பெட்டி ஒன்றை அருகில் நின்று பார்த்தால் அதன் பாதுகாப்பு எத்தனை சிறிய பொருள்களைச் சார்ந்திருக்கிறது என்பது புரியும். எட்டடி அகலம், எட்டரை அடி உயரம். வெறும் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல் எடை. பின்பக்கம் இரட்டைக் கதவு. கதவிலும் பக்கங்களிலும் ஓர் எண் எழுதியிருக்கும்: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், தனியாகக் கட்டத்துக்குள் ஏழாவது இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரின் குறி. நான்காவது பெரும்பாலும் ‘யு’. அந்த ஏழாவது இலக்கம், முன்னே உள்ள எழுத்துகளையும் எண்களையும் ஒரு கணக்கில் போட்டால் கிடைக்கும் விடை. யாராவது மனம்போன போக்கில் ஓர் எண்ணை எழுதி ஒட்டினால், அந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும்.

வலது கதவின் கைப்பிடியில் விரல் பருமனில் ஓர் இரும்பு ஆணி தொங்கும். அதுதான் போல்ட் சீல். ஒரு முனையை மறுமுனையில் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பிறகு அதற்குச் சாவி கிடையாது, பெரிய கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதன் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணும் கப்பல் சீட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியை யாரும் இடையில் திறக்கவில்லை என்பதற்கு உள்ள ஒரே கண்கண்ட சாட்சி அதுதான். நேர்மையான வியாபாரியின் பெட்டியை வழியில் திறந்து, கதவை ஒட்டிப் பைகளை வைத்துவிட்டுப் போலி சீல் போடும் கும்பல்கள் லத்தீன் அமெரிக்கத் துறைமுகங்களிலும் ஐரோப்பியத் துறைமுகங்களிலும் உண்டு. சரக்கை அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. செங்கோட்டையில் தடி வாங்கும் மில்காரர் பெட்டி வந்ததும் கத்தரியைத் தேடுவதற்கு முன், அந்த எண்ணைச் சீட்டோடு ஒப்பிட வேண்டியது இதனால்தான்.

அச்சம் எப்படி எழுந்தது

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட முழுதாக நகர்ந்திருக்கவில்லை. அக்டோபரில் இத்தாலியின் ஜோயா தௌரோ துறைமுகத்தில் ஒரு கன்டெய்னருக்குள் உயிருள்ள ஓர் ஆள் பிடிபட்டார். படுக்கை, கழிப்பறை வசதி, தொலைபேசி, மடிக்கணினி எல்லாம் உள்ளே இருந்தன. எகிப்தில் ஏறிய அந்தப் பெட்டி கனடாவுக்குப் போக வேண்டியது. அவர் பயங்கரவாதி என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு பெட்டிக்குள் ஆளே பயணம் போக முடியும் என்ற செய்தி உலகத் துறைமுகங்களை உலுக்கியது.

2004 மார்ச் 14 அன்று அந்த அச்சம் மெய்யானது. இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகத்தில் இரண்டு தற்கொலைப் படையினர் வெடித்ததில் பத்துப் பேர் இறந்தார்கள். காசாவிலிருந்து வந்த கன்டெய்னர் ஒன்றில், போலிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து அவர்கள் எல்லையைக் கடந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

இதற்கிடையே சட்டங்கள் வேகமாக வந்தன. 2002 ஜனவரியில் அமெரிக்கா தன் சுங்க அதிகாரிகளை வெளிநாட்டுத் துறைமுகங்களிலேயே அமர்த்தி, சந்தேகப் பெட்டிகளை ஏற்றும் முன்பே பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு விவரம் வந்துவிட வேண்டும் என்ற விதி அதைத் தொடர்ந்தது. 2004 ஜூலை 1 முதல் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. துறைமுக வாசலில் அடையாள அட்டை, வேலி, கேமரா எல்லாம் இறுகியது அதன்படிதான்.

தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்கு இந்த மாற்றம் கொழும்பு வழியாக வந்தது. தூத்துக்குடியிலிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் போகும் பெட்டிகள் கொழும்பில்தான் தாய்க்கப்பலுக்கு மாறுவது நெடுநாள் வழக்கம். 2005இல் கொழும்பு அமெரிக்கத் திட்டத்தில் சேர்ந்தது. பின்னர் அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு அங்கே கதிரியக்க உணரிகளும் நிறுவப்பட்டன. தென்மாவட்டத்தில் அடைக்கப்பட்ட பெட்டி ஒன்றின் தலைவிதியைப் மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் உள்ள ஒரு திரை தீர்மானிக்கும் நிலை வந்தது.

நூற்றுக்கு நூறு என்ற கனவு

2007இல் அமெரிக்க நாடாளுமன்றம் இன்னொரு படி மேலே போனது. 2012 ஜூலைக்குள், அமெரிக்காவுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியும் புறப்படும் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்யப்பட வேண்டும் என்று சட்டம் போட்டது. பாகிஸ்தானின் காசிம், ஹோண்டுராஸின் புவெர்ட்டோ கோர்ட்டெஸ், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆகிய துறைமுகங்களில் முன்னோட்டமும் நடந்தது. கெடு வந்தது, தள்ளிப்போடப்பட்டது. மீண்டும் வந்தது; மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. சட்டம் கேட்டபடி இன்றுவரை நடக்கவில்லை.

காரணத்தைத் தூத்துக்குடியை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆண்டுக்கு இருபதடிக் கணக்கில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைக் கையாள்கிறது. 2024 செப்டம்பரில் அங்கே புதிய கன்டெய்னர் முனையம் ஒன்றும் திறக்கப்பட்டது. நாற்பதடிப் பெட்டிகளைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் நாளொன்றுக்கு ஆயிரம் பெட்டிகளைத் தாண்டும். ஒரு பெட்டியின் ஸ்கேன் படத்தை ஓர் அதிகாரி உற்றுப் பார்க்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் இருபது பேரின் முழு வேலை நேரம் படம் பார்ப்பதிலேயே போய்விடும். எந்திரத்தை வாங்கிவிடலாம். களைக்காத கண்களுக்கு எங்கே போவது?

அவசரத்தில் சோதனையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கொழும்பு காட்டியது. துறைமுகத்தில் பெட்டிகள் தேங்கி நெரிசல் முற்றியபோது, 2025 ஜனவரியில், சோதனைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த 323 கன்டெய்னர்கள் திறந்து பார்க்காமலே விடுவிக்கப்பட்டன. அவற்றில் என்ன இருந்தது என்ற கேள்வி இலங்கை நாடாளுமன்றத்தைப் பல மாதங்கள் ஆட்டிப்படைத்தது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் வரிசை நீளும். வரிசை நீண்டால் ஒருநாள் எதையும் பார்க்காமல் விட வேண்டிவரும். எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

காகிதம், ஊடுகதிர், கை

இந்தியாவில் அந்தத் தேர்வைச் செய்வது சுங்கத்துறையின் இடர் மேலாண்மை முறை. 2005 டிசம்பரில் அது தொடங்கியது. இறக்குமதியாளரின் கடந்தகாலம், சரக்கின் வகை, புறப்பட்ட நாடு, வந்த வழி, அறிவித்த விலை, எடை என்று பலவற்றையும் கணினி உரசிப் பார்க்கிறது. பெரும்பாலான பெட்டிகள் திறக்கப்படாமலே போகும். சந்தேகத்துக்குரியவை ஸ்கேனருக்குப் போகும். அங்கும் ஐயம் தீராதவை கதவைத் திறந்து, சரக்கை இறக்கிப் பார்க்கப்படும். 2021இல் சுங்கச் சட்டம் திருத்தப்பட்டு, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் இறக்குமதி விவரப் பத்திரமான ‘பில் ஆஃப் என்ட்ரி’யைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆனது. வியாபாரிகளுக்கு இது தலைவலியாகப் பட்டிருக்கலாம். பெட்டி கரையேறும் முன்பே அதைப் பற்றி யோசிக்க அதிகாரிக்குக் கிடைக்கும் நேரம் அது.

ஸ்கேனர் என்பது மருத்துவமனை எக்ஸ்ரேயின் அண்ணன். லாரியில் பெட்டியை வைத்து ஒரு வளைவுக்குள் செலுத்தினாலோ, நிற்கும் லாரியைச் சுற்றி எந்திரம் நகர்ந்தாலோ திரையில் நிழல்படம் விழும். வலிமையான ஊடுகதிர் ஒரு சாணுக்கு மேல் தடித்த எஃகையும் ஊடுருவும். கனமான பொருள் கருப்பாகவும் இலேசானது சாம்பலாகவும் தெரியும். சட்டைத் துணி நிரம்பிய பெட்டியில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தால் உடனே கண்ணில் படும். உருட்டுத் தடிகள் அடுக்கிய பெட்டியில் அப்படியல்ல. வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, இடைவெளிகளில் விதவிதமான நிழல்கள் கிடக்கும். அதில் எது மரப்பட்டை, எது பை என்று சொல்ல, ஆயிரக்கணக்கான மரப் பெட்டிகளின் படங்களைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

கதிரியக்க உணரிக்கும் தன் சிக்கல் உண்டு. யுரேனியத்துக்கு மட்டுமல்ல, தரையில் பதிக்கும் டைல்ஸ், கிரானைட், பொட்டாஷ் உரம், ஏன் வாழைப்பழத்துக்கும்கூட இயற்கையிலேயே சிறிது கதிர்வீச்சு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பது தெரிந்ததே. கிரானைட்டையும் தாது மணலையும் ஏற்றுமதி செய்யும் தமிழகத்தில் உணரி அலறுவது வியப்பல்ல. அலறல் ஒவ்வொன்றையும் பொறுமையாக விசாரிப்பவர் வேண்டும். பத்து முறை பொய்யாக அலறியது என்று பதினோராவது முறை கண்டுகொள்ளாமல் விட்டுவிடக் கூடாது. 2010இல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்கு வந்த பழைய செம்புக் கன்டெய்னர் ஒன்றில் கோபால்ட்-60 இருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தது. நெருங்க முடியாத அளவுக்குக் கதிர்வீச்சு. சுற்றிலும் வேறு கன்டெய்னர்களை அரணாக அடுக்கி ஒதுக்கிவைத்தார்கள். ஓராண்டு கழித்து எந்திரக் கை கொண்டுதான் அதை எடுக்க முடிந்தது.

முந்த்ரா எழுப்பிய கேள்வி

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்களிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. சீட்டில் ‘டால்க் கல்’ என்று எழுதியிருந்தது. ஆப்கானிஸ்தானில் கிளம்பி, ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்த சரக்கு அது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி விஜயவாடா. அதை நடத்திய தம்பதி கைதானது சென்னையில். தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) இந்த வழக்கை எடுத்துக்கொண்டு, போதைப் பணம் பயங்கரவாத அமைப்புக்குப் போனதாகக் குற்றம்சாட்டியது.

வழக்கின் தொடக்கத்தில் சிறப்பு நீதிமன்றம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டது. விஜயவாடாவுக்குப் போக வேண்டிய சரக்கு, பக்கத்தில் சென்னை போன்ற துறைமுகங்கள் இருக்கும்போது குஜராத்தில் ஏன் இறங்க வேண்டும்? வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்த எவரும் கேட்கக்கூடிய கேள்வி. வந்த வழி ஏன் இத்தனை சுற்று, இந்தச் சரக்கை இந்த விலைக்கு இத்தனை தூரத்திலிருந்து வாங்க என்ன தேவை, நேற்றுவரை இந்தத் தொழிலில் இல்லாத நிறுவனம் இன்று ஏன் இறக்குமதி செய்கிறது என்ற கேள்விகளுக்கு ஊடுகதிர் தேவையில்லை. மர வியாபாரத்தில் ஊறிய தென்காசி வியாபாரிக்கு எந்த நாட்டுத் தேக்கு எந்த மாதத்தில் என்ன விலைக்கு வரும் என்பது அத்துப்படி. அந்த அறிவு சுங்க அதிகாரியின் கணினியில் இல்லாத அறிவு. அதைக் கேட்டுப் பெற அரசு முறையான வழி ஒன்றை அமைக்க வேண்டும்.

பிடித்த பிறகு

பெட்டியைப் பிடித்ததோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. பெய்ரூட் நகரம் அதற்குக் கொடுத்த விலை உலகறிந்தது. 2013இல் வந்த கப்பல் ஒன்றிலிருந்து இறக்கிய 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் துறைமுகக் கிடங்கிலேயே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரத்தின் பாதி உருக்குலைந்தது. எந்தப் பயங்கரவாதியும் அதற்குத் தேவைப்படவில்லை. கோப்பு நகராததே போதுமானதாக இருந்தது.

அந்தச் செய்தி வந்த இரண்டு நாளில் தமிழ்நாட்டுக்கும் வியர்த்தது. சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது வெளியே வந்தது. தென்கொரியாவிலிருந்து வந்து, 2015இல் சுங்கத்துறையால் முடக்கப்பட்ட சரக்கு. அதே ஆண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி நனைந்து வீணானது. ஐந்தாண்டுகளாக நகராத கோப்பு, பெய்ரூட்டுக்குப் பின் ஒரே வாரத்தில் நகர்ந்தது. கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குப் போயின. ஒரு வாரத்தில் முடியக்கூடிய வேலைக்கு ஐந்தாண்டு காத்திருந்தது மன்னிக்க முடியாத அலட்சியம். மணலியைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு அத்தனை நாளும் அது பக்கத்தில் இருப்பதே தெரியாது.

தொழிலாளர்கள்தான் எப்போதும் முதலில் பலியாகிறார்கள். 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்புக்குள் கிடந்த குண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சீட்டில் அதற்குப் பெயர் ‘ஸ்கிராப்’. அந்தச் சாவுகளுக்குப் பிறகே, ஏற்றும் முன் சோதித்த சான்றிதழ் இல்லாமலும், குறிப்பிட்ட துறைமுகங்கள் தவிர வேறு எங்கும் நொறுக்கப்படாத பழைய இரும்பை இறக்கக் கூடாது என்ற விதி வந்தது.

மலைக்கு அந்தப் பக்கமும் கதை இதுவே. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பல் 640 கன்டெய்னர்களோடு கவிழ்ந்தது. அவற்றில் 13 அபாயகரமான சரக்குகள். 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு. கொல்லம் கரையில் பெட்டிகள் ஒதுங்கியபோது, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். கொல்லத்திலிருந்து ஆரியங்காவு, புளியரை வழியாகச் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் வரும் தேசிய நெடுஞ்சாலை 744 இரண்டு கடற்கரைகளின் சரக்கையும் இந்த ஊர் வழியே கடத்துகிறது. துறைமுகங்கள் பெருகப் பெருக, இந்தச் சாலையில் ஓடும் பெட்டிகளும் பெருகும்.

செய்ய வேண்டியவை

கன்டெய்னர் சோதனை ஒன்றே நாட்டைக் காத்துவிடும் என்று இந்த உரை சொல்லவில்லை. 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளுக்கான ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து மகாராஷ்டிரக் கரையில் படகில் இறங்கியது. 2008 நவம்பரில் தாக்குதல் நடத்த வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் மும்பையை நெருங்கினார்கள். கடற்கரைக்கு மீனவர் கண் எப்படியோ, கன்டெய்னருக்கு அதை ஏற்றி இறக்கும் தொழிலாளியின் கண்ணும் லாரி ஓட்டுநரின் கண்ணும் அப்படி. அந்தக் கண்களை இதுவரை யாரும் மதித்துப் பயிற்றுவிக்கவில்லை.

அரசு செய்ய வேண்டியது மூன்று. முடக்கிய வெடிபொருள், வேதிப்பொருள் ஒவ்வொன்றையும் அகற்றக் கட்டாயக் கெடு வைத்து, அதன் பட்டியலை மாவட்ட ஆட்சியருக்கும் தீயணைப்புத் துறைக்கும் மாதந்தோறும் தர வேண்டும். ஸ்கேனர் வாங்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் படம் வாசிக்கும் அதிகாரிகளின் எண்ணிக்கையை அதற்கேற்ப உயர்த்தி, தொடர்ந்து ஒரே இருக்கையில் பல மணி நேரம் உட்காரவைக்காமல் மாற்றிவிட வேண்டும். சந்தேகத்தைத் தெரிவிக்கும் வியாபாரியின் சரக்கை அதற்காகவே வாரக்கணக்கில் முடக்கிவைக்காத உறுதியும் வேண்டும். தாமதக் கட்டணம் தன் தலையில் விழும் என்று பயந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தென்காசி, செங்கோட்டை மில் உரிமையாளர்களும் லாரி உரிமையாளர்களும் செய்யக்கூடியது அதைவிட எளிது. பெட்டி வந்ததும் கன்டெய்னர் எண்ணையும் சீல் எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டு, சீலை வெட்டும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவைப்பது. எண் மாறியிருந்தால் கதவைத் திறக்காமல் சுங்கத்துறைக்கும் காவல்துறைக்கும் சொல்வது. பூச்சி மருந்துப் புகையூட்டி வந்த மரப் பெட்டியைத் திறந்ததும் ஆளை உள்ளே அனுப்பாமல் காற்றோட விடுவது. அபாயச் சரக்குகளுக்கு உலகெங்கும் ஒன்பது வகைச் சாய்சதுர வில்லைகள் உண்டு: ஒன்று வெடிபொருள், மூன்று தீப்பற்றும் திரவம், ஐந்தில் அம்மோனியம் நைட்ரேட் போன்றவை, ஏழு கதிரியக்கம், எட்டு அமிலம் போன்ற அரிக்கும் பொருள். இந்த ஒன்பதையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மில் வாசலிலும், புளியரைச் சாவடியிலும், லாரி நிறுத்தங்களிலும் ஒட்ட ஒரு நாள் போதும். தூத்துக்குடிச் சுங்க அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை அழைத்து, மில் தொழிலாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அவர்கள் ஒருநாள் கூலி போகாதபடி பயிற்சி வகுப்பு நடத்தலாம். இந்த அறக்கட்டளையே அடுத்த ஆண்டு நிதியின் ஒரு பகுதியை அந்த வகுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது இந்த அவையின் முன் வைக்கப்படும் கோரிக்கை.